பெருவின் மரன்யோன் ஆற்றோரம் மெடிக்கல் மிஷன் ட்ரிப்: ஒரு பார்மசிஸ்டின் விமர்சனம்

ஹூஸ்டனில் இருக்கிற தமிழ்ச் சபைகளில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கு முன்னாலும் இந்தப் பேச்சு வரும். பெருவுக்கு மெடிக்கல் மிஷன் ட்ரிப் போகிறார்களாம், பணம் கட்டலாமா, காலேஜ் போகிற பிள்ளையையும் அனுப்பலாமா? போய் வந்தவர்கள் சபையில் சாட்சி சொல்கிறார்கள், போட்டோ காட்டுகிறார்கள். அதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என்ன மருந்து கொடுத்தார்கள், யாருக்குப் பயன்பட்டது, படகு கிளம்பிய பிறகு அந்த ஊரில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் விவரமாக எழுதிப் பார்க்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பார்மசிஸ்ட். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், நெய்யூர் பக்கம். போய் வந்ததை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன். எங்களைக் கூட்டிக்கொண்டு போன அமைப்பின் பெயரை எழுதவில்லை. இப்படிப் படகில் முகாம் நடத்துகிற பல குழுக்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் வைத்தியம், கண்ணாடி, உள்ளூர் சுகாதாரத் தொண்டருக்குக் கொடுக்கிற பயிற்சி, இந்த மூன்றுக்காகவும் இந்தப் பயணம் போகலாம். டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்து மாத்திரை கவரைக் கையில் கொடுக்கிற பகுதி மாறியாக வேண்டும்.

செலவு. விமான டிக்கெட் தவிர ஆளுக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. அதில் படகு, டீசல், சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர்களுக்கான சம்பளம், மருந்தில் ஒரு பங்கு எல்லாம் அடக்கம். கணக்கு கேட்டேன், உடனே எடுத்துக் காட்டினார்கள். பெரிய பங்கு டீசலுக்குத்தான் போகிறது. ஆற்றைத் தவிர வேறு வழி இல்லாத இடத்தில் அது நியாயம்தான்.

ஹூஸ்டனிலிருந்து லீமா, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் இகிட்டோஸ். வெளியூரிலிருந்து சாலையில் போய்ச் சேர முடியாத ஊர்களில் உலகத்திலேயே பெரியது இகிட்டோஸ். அங்கிருந்து நீளமாகப் போகிற ஒரே சாலை, சுமார் நூறு கிலோமீட்டரில் நௌட்டாவில் முடிந்துவிடுகிறது. நௌட்டாவுக்குக் கொஞ்சம் கீழேதான் மரன்யோனும் உகயாலியும் சேர்ந்து அமேசான் ஆகிறது. நாங்கள் படகு ஏறியது நௌட்டாவில். மரன்யோனில் எதிர்நீரோட்டமாக மேலே போய், குகாமா பழங்குடி மக்களின் ஒவ்வொரு ஊராக நிறுத்தி முகாம் போட்டுக்கொண்டே திரும்பி வந்தோம்.

ஜூலையில் போனதற்குக் காரணம் இருக்கிறது. மாதக் கடைசியில் பெருவில் சுதந்திர தின விடுமுறை வருவதால் பள்ளிக்கூடக் கட்டடம் காலியாகக் கிடைக்கும். ஆனால் அப்போது தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். ஏப்ரல் மே வெள்ளத்துக்கும் செப்டம்பர் வறட்சிக்கும் நடுவில் அந்தப் பக்கத்து ஆறுகளில் தண்ணீர் மட்டம் ஏறக்குறைய பத்து மீட்டர் ஏறி இறங்கும் என்று படித்திருந்தேன். சேறும் வழுக்கலுமான கரையில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினபோதுதான் பத்து மீட்டர் என்றால் எவ்வளவு என்று தெரிந்தது. முழங்கால் வலி இருக்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். அறுபது தாண்டிய இரண்டு ஆன்ட்டிகள் எங்களோடு வந்தார்கள். ஊர் இளைஞர்கள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள், ஆனால் இறங்கும்போது இரண்டு பேரும் மிகவும் சிரமப்பட்டார்கள்.

படகு இரண்டு தளம். கீழே சமையல், சாமான், மருந்து. மேலே படுக்கை, கொசுவலை. ஆற்றுத் தண்ணீரில்தான் குளியல். குடிக்கத் தனியாகக் கேன் தண்ணீர். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. சோறு, பொரித்த மீன், வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு. மரவள்ளியும் மீனும் எங்கள் ஊர்ச் சாப்பாடுதானே, எனக்கு வீட்டில் சாப்பிட்ட மாதிரி இருந்தது. காரம் மட்டும் வேண்டும் என்றால் ஊறுகாய் கொண்டுபோங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், கொசுவும் அப்போதே ஆரம்பிக்கும்.

முகாம் இப்படி நடக்கும். காலையில் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுப் பதிவு, எடை, பிரஷர், டாக்டர், பல், கண், மருந்து என்று வரிசை. ஊர்த்தலைவரை அங்கே அப்பு என்பார்கள். அவரும் சுகாதாரத் தொண்டரும் வாசலில் நின்று பேர் கூப்பிடுவார்கள். அப்பு வரவேற்றுப் பேசாமல் எங்கள் ஆட்கள் ஒரு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

என் மேஜை கடைசி மேஜை. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, மாத்திரையைச் சின்ன ஜிப் கவரில் எண்ணிப் போட்டு, ஸ்பானிஷில் எழுதிய ஒட்டுச்சீட்டில் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுப்பேன். காலையில் ஒன்று என்றால் எழும்புகிற சூரியன், ராத்திரி என்றால் நிலா. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இது புரியும் என்று எழுதிக்கொண்டிருப்பதை விட, எப்படிச் சரிபார்த்தோம் என்பதைச் சொல்கிறேன். கவரைக் கொடுத்துவிட்டு, "இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்போம். ஒரு அம்மா நான்கு கவர்களையும் மேஜையில் வரிசையாக வைத்து, எது தனக்கு, எது பெரியவனுக்கு, எது சின்னவளுக்கு என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொன்னார். மூன்றாவதில் நிறுத்தினார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நிற மாத்திரை, கவரும் ஒரே மாதிரி. அப்போதே ஒரு கவரின் மூலையைக் கத்தரித்துக் கொடுத்தேன். மறுநாள் முதல் ஒரே வீட்டுக்குப் போகிற கவர்களில் ஆளுக்கு ஒரு மூலை கத்தரிப்பது என்று வைத்துக்கொண்டோம். இந்த மாதிரிச் சின்ன விஷயங்களுக்கு நேரம் கொடுக்கிற குழுவா என்று பாருங்கள். எங்கள் தலைவர் வரிசை நீண்டுவிட்டது என்று ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை.

பல் பகுதியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரே ஒரு பல் டாக்டர்தான் வந்தார், மார்த்தாண்டத்துக்காரர். பள்ளிக்கூடத்து நாற்காலி ஒன்றைச் சுவரோடு சாய்த்துப் போட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து இருட்டும் வரை நின்றபடி பல் எடுத்தார். கருவிகளை பிரஷர் குக்கரில் வைத்து ஸ்டவ்வில் ஏற்றி, நேரம் பார்த்து இறக்கி, மூடி திறக்காமலேயே ஆறவைப்பார்கள். ஒவ்வொரு செட்டுக்கும் இது நடந்தது, குறுக்குவழி கிடையாது. மாசக்கணக்கில் சொத்தைப் பல்லோடு, ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷர்கள் வந்தார்கள். பல்லை எடுத்தால் வலி முடிந்தது. தொடர் மருந்து வேண்டாம், மறுபடி வந்து பார்க்க வேண்டாம். போகிற குழு செய்து முடித்துவிட்டு வரக்கூடிய வேலை என்றால் இதுதான். பிள்ளைகளுக்குப் பல்லில் ஃப்ளூரைடு பூசினார்கள், அதுவும் நல்ல வேலை. அடுத்த தடவை இரண்டு டாக்டரைக் குறைத்துக்கொண்டு இரண்டு பல் டாக்டரைக் கூட்டிப் போங்கள் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கண்ணாடி மேஜையும் அப்படித்தான். நாற்பது தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்க்கிற ரெடிமேட் கண்ணாடி. குகாமா பெண்கள் சம்பிரா என்கிற பனை நாரைத் திரித்துப் பை பின்னுவார்கள். அது அவர்களுக்குக் கொஞ்சம் காசு வருகிற தொழில். ஒரு பாட்டி தன் நாரையே கொண்டுவந்திருந்தார். அட்டையில் எழுத்தைக் காட்டியபோது கையை ஆட்டி மறுத்துவிட்டார். ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு, நாரைத் தொடைமேல் வைத்துத் திரித்துப் பார்த்து, இரண்டரை பவரில் நின்றார். மகளைக் கூப்பிட்டு, பழைய பையில் தான் விட்டிருந்த ஓட்டையைக் காட்டி ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். மொத்தமாக வாங்கினால் அந்தக் கண்ணாடி ஒன்று இரண்டு டாலர்தான் ஆகும்.

பூச்சி மாத்திரை விஷயத்தில் எனக்கு ஆதங்கம் இருக்கிறது. ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே தடவை. ஒரு வயதுக்கு மேல், இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பாதி, இரண்டு கரண்டிக்கு நடுவில் நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுப்போம். குடல் புழு இருக்கிற ஊரில் இது நல்லது, சந்தேகம் இல்லை. ஆனால் பிள்ளை அதே ஆற்றுத் தண்ணீரைத்தானே திரும்பவும் குடிக்கப்போகிறது? வெறுங்காலோடு அதே மண்ணில்தானே நிற்கப்போகிறது? எங்கள் குழு வாளியில் பொருத்துகிற வடிகட்டிகளும் கொண்டுபோனது. கிருமிக்கு அது நல்ல தீர்வு. மரன்யோனில் பிரச்சனை கிருமியோடு நிற்கவில்லை. அந்தப் பக்கமாக எண்ணெய்க் குழாய் போகிறது. 2014-இல் குனினிகோ ஊருக்குப் பக்கத்தில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் தண்ணீரில் கலந்தது, 2022-இல் மறுபடியும் அங்கேயே கசிவு. எண்ணெயையும் உலோகங்களையும் வாளி வடிகட்டி பிடிக்காது. இதை ஊர்க்காரர்களிடம் நேராகச் சொல்ல வேண்டும், வடிகட்டி கொடுத்ததால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்க விடக்கூடாது.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவும் இல்லை. மாரி லூஸ் கனாகிரி தலைமையில் குகாமா பெண்கள் வழக்குப் போட்டு, 2024 மார்ச்சில் நௌட்டா நீதிமன்றம் மரன்யோன் ஆற்றுக்கே உரிமைகள் உண்டு என்று தீர்ப்புக் கொடுத்தது. 2025-இல் அவருக்கு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது. இந்த மண்ணுக்கு உதவப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது மரியாதை. எங்கள் அறிமுகக் கூட்டத்தில் டால்பினைப் பற்றிச் சொன்னார்கள், இதைப் பற்றிச் சொல்லவில்லை. இந்த ஊர்கள் இருக்கிற லொரேட்டோ மாகாணத்தில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையிலிருந்து மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க ஒரு ஊருக்காவது ஏற்பாடு செய்தால், மாத்திரைப் பெட்டியை விட அது அதிக நாள் உழைக்கும்.

அப்புறம் பிரஷர், சர்க்கரை. எங்கள் டாக்டர்கள் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் பிரஷர் கூடுதலாக இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு மாத மாத்திரை எழுத ஆரம்பித்தார்கள். என் மேஜையில் உதவிக்கு நின்ற நர்சிங் மாணவி கேட்டாள்.

"அக்கா, முப்பது நாளைக்குப் போதும்ல?"

"முப்பத்தொண்ணாம் நாள் யாரு குடுப்பா மக்களே?"

அன்று ராத்திரி படகில் இதைப் பற்றிப் பேசினோம். எங்களோடு வந்த இகிட்டோஸ் டாக்டர்தான் வழி சொன்னார். பிரஷர் நோயாளிகள் பேரை எழுதி, எல்லைக்குட்பட்ட அரசு சுகாதார நிலையத்துக்குக் கொடுப்போம்; அங்கே கிடைக்கிற மருந்தையே நாமும் கொடுப்போம், அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வேறு பிராண்டு வேண்டாம். பெருவில் ஏழைகளுக்கு அரசின் இலவச மருத்துவக் காப்பீடு இருக்கிறது, பதிவு செய்தவருக்கு மருந்து கிடைக்க வழி உண்டு. அதற்கப்புறம் அப்படியே செய்தோம். மலேரியாவிலும் இதே ஒழுங்குதான். காய்ச்சல் என்று வந்தவர்களுக்கு நாங்கள் ஊகத்தில் மருந்து கொடுக்கவில்லை. விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற அரசு ஊழியரிடம் அனுப்பினோம். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அரசாங்கத்தை ஒதுக்கிவிட்டுத் தனியாக முகாம் போடுகிற குழுக்களும் இருக்கின்றன. நாப்போ, புட்டுமாயோ போன்ற ஆறுகளில் பெரு கடற்படைக் கப்பல்களிலேயே டாக்டர், அடையாள அட்டைப் பதிவு, வங்கி எல்லாம் ஊர் ஊராகப் போகின்றன. இந்த நாட்டுக்கு வழி தெரியாது என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது.

ஒரு ஊரில் எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி தலைவலி என்று வந்தாள். வயது இருபதுகூட இருக்காது. பிரஷர் 160-க்கு 110, கால் வீங்கியிருந்தது. டாக்டர் உடனே மருந்து கொடுத்து, எங்கள் விரைவுப் படகில் ஒரு நர்சையும் அவள் அம்மாவையும் ஏற்றி நௌட்டா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஊரில் இருந்த பெகே பெகே என்கிற சின்ன மோட்டார் படகில் போயிருந்தால் ராத்திரி ஆகியிருக்கும், பெட்ரோலுக்குக் காசும் அவர்களிடம் இல்லை. தாயும் பிள்ளையும் நலம் என்று சுகாதாரத் தொண்டர் பின்னால் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னோம், நான் அழுதேன். ஆனால் அந்த வாரம் நாங்கள் அங்கே இருந்தோம். மற்ற வாரங்களில்? படகு கிளம்புமுன் எங்கள் தலைவரும் அப்புவும் உட்கார்ந்து பேசி, அவசரத்துக்கென்று பெட்ரோல் காசு தொண்டர் கையில் இருக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். அவருக்கு பிரஷர் மெஷின் ஒன்றும் கொடுத்து, எந்த எண் வந்தால் காத்திருக்கக் கூடாது என்று என் கண்முன்னே பழக்கினார்கள். கட்டின பணம் எல்லாவற்றிலும் எனக்கு நிறைவு தந்தது இந்தப் பகுதி.

குறை ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சபைகளிலிருந்து வந்த தானப் பெட்டிகளை நான் திறந்தபோது, காலாவதிக்கு இரண்டு மூன்று மாதமே இருந்த மருந்துகள், பாதி தீர்ந்த சிரப்புகள், டாக்டருக்குக் கம்பெனி கொடுத்த சாம்பிள்கள் எல்லாம் இருந்தன. தானமாகப் போகிற மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷம் ஆயுள் இருக்க வேண்டும், யாருக்கோ கொடுத்து மிஞ்சியதை அனுப்பக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. வீட்டில் பயன்படுத்தாததை ஏழைக்குக் கொடுப்பது தானம் ஆகாது. ஹூஸ்டனிலேயே பெட்டி பெட்டியாக ஒதுக்கினேன், சிலருக்கு மனவருத்தம். அந்தப் பணத்துக்கு இகிட்டோஸ் மொத்தக் கடையிலேயே ஸ்பானிஷ் லேபிளோடு புது மருந்து வாங்கலாம். சுங்கச் சிக்கலும் இல்லை.

இருமலோடு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அமாக்சிசிலின் எழுதுவதும் வேண்டாம். பாதிச் சீட்டுகளை நான் டாக்டரிடம் திருப்பி எடுத்துக்கொண்டு போய்ப் பேசினேன். நல்ல மனுஷர், கேட்டுக்கொண்டார்.

ஊழியம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் சபையின் பேரில் போகிறோம். எங்கள் முகாமில் ஜெப மேஜை மருந்து மேஜையைத் தாண்டி வெளியே மாமர நிழலில் இருந்தது. மருந்து வாங்கிய பிறகு விருப்பம் உள்ளவர்கள் போகலாம், நேராக வீட்டுக்கும் போகலாம். இப்படித்தான் இருக்க வேண்டும். பிரசங்கம் கேட்டால்தான் டோக்கன் என்று வைக்கிற குழுவோடு நான் போகமாட்டேன், நீங்களும் போகாதீர்கள். அங்கே ஜெபித்தவர்கள் பெரும்பாலும் இகிட்டோஸ் சபையின் ஹெர்மானாக்கள், அதாவது சகோதரிகள். அவர்கள் மொழியில், அவர்கள் சொந்த மக்களோடு கைபிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838-இல் ஆரம்பித்தது. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர், லண்டனில் இருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு வந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக அறுவை சிகிச்சை செய்தார். அமேசானிலும் அப்படி இருந்தவர்கள் உண்டு. பிரேசில் பக்கத்தில் 1931-இல் லியோ ஹாலிவெல்லும் அவர் மனைவி, நர்ஸ் ஜெசியும் லுசெய்ரோ என்ற மருத்துவப் படகை இறக்கி, வருஷக்கணக்காக ஆற்றிலேயே ஊழியம் செய்தார்கள். மிஷன் வைத்தியம் என்றால் என் ஆச்சிக்குத் தெரிந்தது, ஊரை விட்டுப் போகாமல் இருந்த டாக்டர். லீவு போட்டுப் போகிற நம்மால் அது முடியாது. அதனால் அங்கேயே இருக்கிற தொண்டருக்கும் சுகாதார நிலையத்து நர்சுக்கும் கையும் காலுமாக இருக்கிற பயணத்துக்குத்தான் பணம் கட்டுங்கள். கட்டுமுன் கேளுங்கள்: அதே ஊர்களுக்குத் திரும்பப் போகிறீர்களா, எந்தச் சுகாதார நிலையத்தோடு வேலை செய்கிறீர்கள், வெளிநாட்டு டாக்டர்களுக்குப் பெரு மருத்துவக் கழக அனுமதி வாங்கினீர்களா, போன தடவை யார் பேரை எழுதிக் கொடுத்தீர்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? எங்கள் குழு முதல் மூன்றுக்கும் நல்ல பதில் சொன்னது. நான்காவதுக்கு இந்த வருஷம்தான் நோட்டு போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

மருத்துவம் படிக்காதவர்களும் போகலாம், பதிவு மேஜையிலும் கண்ணாடி மேஜையிலும் ஆள் தேவை. ஸ்பானிஷ் தெரிந்தால் ரொம்ப நல்லது. காலேஜ் பிள்ளைகளை அனுப்பலாம், ஆனால் ஊசி போடவும் பல் எடுக்கவும் "பழகிக்கொள்ளட்டும்" என்று விடுகிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். இங்கே செய்ய அனுமதி இல்லாததை அங்கேயும் செய்யக்கூடாது. நோயாளிகள் முகம் தெரிகிற போட்டோவுக்கும் எங்கள் குழுவில் தடை இருந்தது, பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிட வேண்டும், ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரைக்கு உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அட்டோவாகோன் புரோகுவானில் என்றால் திரும்பி வந்தபிறகும் ஏழு நாள் விடாமல் சாப்பிட வேண்டும், பலர் ஊர் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் கட்டாயம் வேண்டும். அதை இங்கிருந்து சுமக்க வேண்டாம், இகிட்டோஸ் பெலேன் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. திரும்பும்போது கழுவிச் சுகாதாரத் தொண்டரிடம் கொடுத்துவிட்டு வந்தால் அங்கே யாருக்காவது காலுக்கு ஆகும்.